வாய்விட்டுச் சிரித்தால் தப்பா?

சென்ற ஞாயிறு மத்தியானம் சாமைச் சோறு ஆக்கி வைத்துவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். 'தமிழ் படம்' ஓடிக்கொண்டிருந்தது. 2010-ல் சி.எஸ். அமுதன் எடுத்த படம். எத்தனையோ தடவை பார்த்ததுதான், ஆனாலும் கண்ணில் நீர் முட்டச் சிரித்தேன். மாமியாருக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, பெரிய பெரிய ஹீரோவையெல்லாம் கேலி பண்றான். அதுக்குப் போய் தெருவே கேக்குற மாதிரி சிரிக்கிறியே, பொம்பளைக்கு இது அழகா?" என்றார்.

"அத்தை, நம்ம பக்கம் விடிய விடிய தெருக்கூத்து நடக்கையில கட்டியங்காரன் துரியோதன மகாராஜாவையே வம்புக்கு இழுப்பானே, அப்போ நீங்க சிரிக்கலையா?" என்று கேட்டேன். "அது வேற" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

வேறு இல்லை தோழிகளே! ராஜாவை மரியாதையாகச் சபைக்கு அழைப்பவனும் கட்டியங்காரன்தான், அடுத்த நிமிஷமே அவரைக் கிண்டல் செய்பவனும் அவன்தான். நடுநடுவே கொச்சையும் வரும். பாயைப் போட்டு உட்கார்ந்து பார்த்த நம் பாட்டிகளுக்கு அதனால் பக்தி குறைந்தா போயிற்று?

'தமிழ் படம்' என்ன செய்கிறது? ஆண் குழந்தை பிறந்தால் கொன்றுவிடும் ஊர் என்று கதையைத் தொடங்குகிறது. முதலில் சிரிப்புதான் வந்தது. சிரித்து முடித்ததும் நெஞ்சில் சுருக்கென்றது. பெண் சிசுவுக்கு நடந்ததை ஆணுக்கு மாற்றிப் போட்டால்தானே, அது எத்தனை பெரிய அநியாயம் என்று உறைக்கிறது!

2006-ல் வந்த சிம்புதேவனின் 'இம்சை அரசன் 23ம் புலிகேசி'யில், புகழ்ச்சிக்கு மயங்கி நாட்டைக் கோட்டை விடும் ராஜாவாக வடிவேலு வருவார். 2020-ல் வந்த 'மூக்குத்தி அம்மன்' படத்தில் அம்மனே இறங்கி வந்து போலிச் சாமியாரின் வண்டவாளத்தை வெளியே கொண்டு வருகிறாள். அதைப் பார்த்த பிறகும் நான் வெள்ளிக்கிழமை விளக்கேற்றத் தவறியதில்லை. தாயத்து கட்டினால் கஷ்டம் தீரும் என்று பணம் கேட்டு வந்தவரை மட்டும் வாசலோடு அனுப்பிவிட்டேன்.

இத்தனை வக்காலத்து வாங்கும் நானே ஒரு தப்பு செய்தேன். கல்லூரியில் படிக்கும் என் மகள், விடுமுறைக்கு வந்தபோது பெரியவர்களுக்கான அமெரிக்கக் கார்ட்டூன் ஒன்றை செல்போனில் காட்டினாள். அவள் அர்த்தம் சொல்லச் சொல்ல எனக்கும் பிடித்துவிட்டது. ஒருநாள் சமையல் வேலையில் இருந்தபோது, "பொம்மைப் படம்தானே" என்று ஒன்பது வயது நாத்தனார் மகனிடம் போனைக் கொடுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து அவன் தன் அப்பாவைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னான். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

பொம்மை என்றால் குழந்தைக்குத்தான் என்று எந்தச் சட்டம் சொன்னது? நம் பிள்ளைகள் தமிழிலேயே பார்த்து ரசிக்கும் ஷின்-சான்கூட, 1990-ல் ஜப்பானில் பெரியவர்கள் படிக்கும் வாரப் பத்திரிகையில் படக்கதையாகத்தான் தொடங்கியது. பெற்றோர் புகாரால் 2008-ல் நம் நாட்டில் அதற்குத் தடையே வந்தது. பிறகு வெட்டித் திருத்தித்தான் மறுபடி காட்டினார்கள்.

இப்போது சினிமாவுக்கு 'யு/ஏ' சான்றிதழிலேயே 7, 13, 16 என்று வயது பிரித்துப் போடுகிறார்கள். 2024-ல் வந்த விதி இது. இணையத்தில் வரும் படங்களுக்கு 2021 முதலே இப்படி வயதுக் குறிப்பு உண்டு. 'ஏ' என்றிருந்தால் 18 வயது ஆனவர்களுக்கு மட்டும்தான். பால் பாக்கெட்டில் தேதி பார்த்து வாங்கும் நாம், பிள்ளை கையில் போனைக் கொடுக்குமுன் இந்த ஓர் எழுத்தையும் பார்க்கக் கூடாதா?

அதற்காக, பெரியவர்களான நாமும் சிரிக்கக் கூடாது என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். காலையிலிருந்து ராத்திரி வரை எல்லாருக்கும் பயந்து, எல்லாரையும் மதித்து நடக்கிறோம். ஒரு இரண்டு மணி நேரம் ராஜாவையும் ஹீரோவையும் பார்த்துச் சிரித்தால் குடும்ப கௌரவம் குறைந்துவிடுமா?

இந்த ஞாயிறு 'இம்சை அரசன்' போடப் போகிறேன். "நானும் பார்க்கிறேன்" என்று அத்தையே சொல்லிவிட்டார். என்ன தோழிகளே, நான் சொல்வது சரிதானே?

— ஒரு வாசகி, ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை.