கோடைப் பாசறையும் கொற்கைக் கடலும்

வேனில் விடுமுறை வந்ததும் பல்கலைக்கழக விடுதிகள் வெறுமையாகின்றன. அவ் வெற்று விடுதிகளில் வெளியூர் மாணாக்கரைத் தங்கவைத்து, உணவும் உறையுளும் நல்கி, வகுப்பறையில் கிட்டாத உயர்கல்வியைச் சில நாள்களேனும் சுவைக்கச் செய்யும் கோடைப் பாசறைகள் இந்நாளில் பெருகி வருகின்றன. இது நல்ல முயற்சி. நல்லதை நல்லதென்று முதற்கண் சொல்லிவிட்டே, அதன்கண் உள்ள குறையைச் சுட்டுதல் முறை.

1993ஆம் ஆண்டு பேராசிரியர் குமரேசன் தொடங்கிய கணிதப் பயிற்சிப் பாசறையை எடுத்துக்கொள்வோம். இந்திய அரசின் உயர்கணித வாரியம் பொருளுதவி நல்க, நான்கு கிழமை மாணாக்கர் ஓரிடத்தில் உறைந்து பயின்றனர். பலகையில் எழுதியதைப் படியெடுக்கும் பழக்கத்தை அங்கே அடியோடு ஒதுக்கினர். ஆசிரியர் வினாமேல் வினாத் தொடுப்பார். மாணாக்கர் தட்டுத் தடுமாறியேனும் தாமே மெய்ப்பிப்பைக் கண்டடைவர். இந்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2008இல் தொடங்கிய 'இன்சுபையர்' திட்டத்தின் பாசறை மற்றொன்று. பத்தாம் வகுப்புத் தேர்வில் முதல் ஒரு விழுக்காட்டில் இடம்பெற்று, மேனிலைப் பள்ளியில் அறிவியல் பயில்வோரை ஐந்து நாள் ஒருங்கு சேர்த்து, பெரும் அறிவியலறிஞரோடு நேர்முகமாய் உரையாட வைப்பது அதன் நோக்கம்.

இவ்விரண்டிற்கும் உயிர்நிலை ஒன்றே. அது வினவுதல். வினவாத மாணாக்கனுக்குப் பாசறையால் விளையும் பயன் வேளைதோறும் உணவும் இறுதியில் ஒரு சான்றிதழுமே. எந்த மொழியில் வினவுவது என்னும் கேள்வி இங்கேதான் எழுகின்றது.

எம் கடற்கரைச் சிற்றூரைச் சேர்ந்த மாணாக்கன் ஒருவன் தமிழ்வழியில் பயின்று, நல்ல மதிப்பெண் பெற்று, இத்தகைய பாசறையொன்றிற்குச் சென்றான். மீனவர் குடியிற் பிறந்தவன். தந்தையுடன் படகேறிப் பழகியவன். மூன்றாம் நாள் கடல் நீரோட்டம் பற்றிய சொற்பொழிவு. திரையில் படங்கள் ஓடிய பின்னரே, தான் நாள்தோறும் கண்ட பொருளைப் பற்றித்தான் அறிஞர் பேசுகிறார் என்பது அவனுக்கு விளங்கியது. அவனிடம் ஒரு வினா இருந்தது. மேல்நீர் ஒரு பக்கம் இழுக்க, அடிநீர் மற்றொரு பக்கம் இழுக்கும் நாள்கள் உண்டே, அது எதனால்? வலையிழுத்தவனுக்கன்றி எழ இயலாத அருமையான வினா அது. ஆங்கிலத்தில் அதனை அமைக்க நாவெழாமல் அவன் அமர்ந்தே இருந்துவிட்டான். விடை கூற வல்லவர் அம் மேடையிலேயே நின்றார். வினாவோ அவனோடு ஊர் திரும்பியது.

தமிழன்பர்களே, இங்கு இழந்தவர் யார்? மாணாக்கன் மட்டுமல்லன்; அறிவியலும் இழந்தது. கொண்டல், கோடை, வாடை, தென்றல் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றைப் பகுத்தறிந்த இனம் நம்மது. கச்சான் என்றும் சோழகம் என்றும் கடலோடிகள் இன்றும் வழங்குகின்றனர். கடலடிப் பாறைத் திட்டைப் 'பார்' என்றனர். அதில் விளையும் சிப்பியை 'இப்பி' என்றனர் பண்டையோர். இச்சொற்கள் ஒவ்வொன்றும் பல தலைமுறை உற்றுநோக்கலின் விளைவு. இவற்றை உடையவனை வாய்மூடி அமரச் செய்யும் பாசறை, தன் எதிரே இருக்கும் ஏட்டைப் புரட்டிப் பாராமலே மூடிவைப்பதை ஒக்கும்.

முத்துக்குளித்துறையின் இற்றை நிலையை எண்ணிப் பாருங்கள். 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்த முத்துக்குளிப்பே தூத்துக்குடிக் கடலில் இறுதியானது. அதன்பின் 1973இல், மைய அரசின் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சார்ந்த அழகர்சாமி என்னும் அறிஞர் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை விளைவித்துக் காட்டினார். 1981இல் முத்துச் சிப்பியைக் குஞ்சுநிலையிலிருந்தே பொரிப்பகத்தில் வளர்க்கும் முறையும் அங்கேயே கைவந்தது. ஞாலம் திரும்பிப் பார்த்த இவ்வருஞ்செயல் நம் வீட்டு வாயிலில் நடந்தது. கொற்கை முத்தைச் சங்க நூல்களிலிருந்து எடுத்துக்காட்டி மேடையில் முழங்குவோருள் எத்துணைப் பேர் இதனை அறிவர்? பழம்பெருமையை வாயாரப் பாடிவிட்டு, வாழும் அறிவியலை ஆங்கிலத்திற்கு ஒதுக்கிவிடுவது தமிழ்ப்பற்று ஆகாது.

தமிழில் உயர் அறிவியல் இயலுமா என ஐயுறுவோர் உளர். அவர்க்கு வரலாறே விடை. இம் முத்துக்குளித்துறை மக்களுக்குச் சமயம் கற்பிக்க வந்த ஐரோப்பியப் பாதிரியார், தம் மொழியை இவர்கள் கற்கட்டும் என்று காத்திருக்கவில்லை. தாம் தமிழ் கற்றார். 1578இல் கொல்லத்தில் தமிழில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' அதன் விளைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மருத்துவர் கிரீன், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கென நூல்களும் தமிழில் ஆக்கினார். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கிற்று. அயல்நாட்டிற்குச் சென்றால், 1893இல் மிக்கிமோட்டோ வளர்ப்பு முத்தை விளைவித்த சப்பான் நம் கண்முன் நிற்கின்றது. அந்நாட்டு இயற்பியலறிஞர் மசுக்காவா 2008இல் நோபல் பரிசு பெற்றபோது, சுவீடன் நாட்டு மேடையில் தம் ஏற்பு விரிவுரையைத் தம் தாய்மொழியிலேயே ஆற்றினார். அதனால் அவர்தம் அறிவியல் குன்றிவிடவில்லை.

பாசறையில் தமிழ்வழிப் பயின்றால் நாளை வெளிநாடு செல்லும் பிள்ளை இடர்ப்படுவானே என்பர் சிலர். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை யாம் மறுக்கவில்லை. ஒரு கருத்தைத் தன் மொழியில் ஐயந்திரிபறப் பற்றிக்கொண்டவனுக்கு அதற்குரிய ஆங்கிலச் சொல்லைக் கற்பது ஒரு மாலைப்பொழுதின் வேலை. கருத்தே பிடிபடாதவனுக்கு அச்சொல் வெறும் ஓசை. மேலும் பாசறை ஒரு தேர்வன்று. மதிப்பெண் அச்சமின்றி மனம்விட்டு வினவுதற்கென்றே அமைந்த சில நாள்களில்கூடத் தாய்மொழிக்கு இடமில்லையாயின், வேறு எங்குதான் இடம்?

ஆகவே யாம் முன்வைப்பது இது. தூத்துக்குடியில் 1977இல் தொடங்கப்பெற்ற மீன்வளக் கல்லூரி இருக்கின்றது. கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல மையம் இருக்கின்றது. ஆண்டுதோறும் ஏப்பிரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகு மீன்பிடிப்பிற்குத் தடை உண்டு. பள்ளிகளுக்கு விடுமுறையும், கல்லூரி விடுதிகளுக்கு ஓய்வும், விசைப்படகுத் தொழிலாளர் கரையில் இருக்கும் காலமும் ஒருங்கே வாய்ப்பது இந்த மே திங்களில்தான். அப்பொழுது பத்து நாள், கடலோரப் பள்ளிகளின் மேனிலை மாணாக்கர் நாற்பதின்மரைத் திரட்டி, முழுக்க முழுக்கத் தமிழில் ஒரு கடலறிவியல் பாசறை நடத்துக. பெண்மக்கள் செம்பாதியாய் இருத்தல் வேண்டும். முற்பகலில் ஆய்வறிஞர் கற்பிக்கட்டும். பிற்பகலில் முதிய கடலோடிகளும் சங்கு குளிப்போரும் ஆசிரியர் இருக்கையில் அமரட்டும். அவர்க்கும் அறிஞர்க்குரிய அதே மதிப்பூதியம் தரப்படல் வேண்டும். மாலையில், அன்று கேட்ட கடற்சொற்களை மாணாக்கர் தொகுத்து, பொருளும் ஆங்கில நேர்ச்சொல்லும் எழுதட்டும். பத்தாம் நாள் அத்தொகுப்பே ஒரு சிறுநூலாய் வெளிவரும்.

கற்றற்குப் பொருள் இல்லாமலா போய்விட்டது? மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள், தூத்துக்குடிக்கு அண்மையதாகிய விலாங்குசல்லித் தீவு கடலுள் மூழ்கிவிட்டது. பவளப்பாறைகளை வெட்டியெடுத்த கொடுமை அதற்கு ஒரு பெருங் கரணியம். வான்தீவும் தேய்ந்து வந்தது. தம் கண்ணெதிரே கரையும் நிலத்தைப் பற்றித் தம் மொழியில் கற்க நம் பிள்ளைகளுக்கு உரிமை இல்லையா?

இதனைக் காலந்தாழ்த்தவும் இயலாது. 1961ஆம் ஆண்டு முத்துக்குளிப்பில் இருபது அகவையினனாய்க் கயிறு பற்றி ஆழ்கடலில் இறங்கிய இளைஞன் இன்று எண்பதைக் கடந்த முதியவர். பாரின் தன்மையும் சிப்பி விளைச்சலின் குறிகளும் அவர் நெஞ்சில் உள, ஏட்டில் இல. அவரை எதிரே அமர்த்தி வினவ, தமிழில் அறிவியல் கற்ற பிள்ளைகள் வேண்டும். கல்லூரியாரும் ஆய்வு நிறுவனத்தாரும் தமிழ்நாட்டரசும் வரும் கோடைக்கே இதனைத் தொடங்குக. இவ்விதழைப் படிக்கும் ஆசிரியப் பெருமக்கள், தத்தம் பள்ளியில் இத்தகு மாணாக்கர் இருவரை இன்றே அடையாளங்கண்டு வையுங்கள்.