கலங்கல் எங்கே இருக்கிறது?

தேர்வுக்கு முந்தைய வாரம் நம் வீடுகளில் கேட்கிற வசனம் ஒன்றுதான்: "சோஷியல்தானே, கடைசி ரெண்டு நாள்ல மனப்பாடம் பண்ணிக்கலாம்." கணக்குக்கு ஒரு டியூஷன், அறிவியலுக்கு ஒரு டியூஷன். புவியியலுக்கு ஒரு கலர் பென்சில் டப்பா. ஏழாம் வகுப்புப் பிள்ளையைப் பெற்றவர்களே, உங்களைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

என் மகள் வரைபடத்தில் கோதாவரியைப் பிசகாமல் வரைவாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணைப் பக்கம் எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர். "இது எங்கேருந்துப்பா வருது?" என்று கேட்டாள். "மழைம்மா" என்றேன். படித்தவன் சொல்கிற பதிலா அது? சுற்றுவட்டார ஏரிகளின் உபரிநீர் சதுப்புநிலத்தில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயைச் சேர்ந்து, முட்டுக்காட்டில் கடலுக்குப் போக வேண்டும். அந்த வழியில் மனை வாங்கியவன் நான். வாஸ்து பார்த்தேன், வில்லங்கம் பார்த்தேன். கிராம வரைபடத்தைப் பார்க்கத் தோன்றவே இல்லை.

பாடப்புத்தகத்தில் புவியியல் ஒரு பக்கம், குடிமையியல் இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைத்திருப்பது பைண்டிங் நூல் மட்டும்தான். நம் மண்ணில் அவை அப்படிப் பிரிந்தே இருந்ததில்லை. வட மாவட்டங்களில் வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் சில வாரங்களில் பிடித்து வைத்தால்தான் உண்டு. அதனால் ஏரி. நிலம் கிழக்கே சரிவதால் மேல் ஏரி நிரம்பி வழிவது கீழ் ஏரிக்கு. மேலூர்க்காரன் அந்த உபரிநீர் வழியும் கலங்கலில் நாலு மணல் மூட்டையை அடுக்கினால் கீழூரின் ஏரி காயும். கலங்கல் என்ன உயரம், மதகை என்றைக்குத் திறப்பது, தலைமடைக்கு எவ்வளவு, கடைமடைக்கு எவ்வளவு? இதையெல்லாம் ஊர் கூடிப் பேசித்தான் ஆக வேண்டும். தண்ணீர்தான் அவர்களைக் கூட்டி உட்கார வைத்தது.

குடவோலை முறை பற்றிப் பிள்ளைகள் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதுகிறார்கள். ஓலை எடுத்தது எதற்கென்று கேட்டுப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். கணக்குக் காட்டாதவர் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. (சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கான தேர்தல் அது. பிள்ளைகளிடம் அதை மறைக்காதீர்கள்.)

இன்னொன்றையும் மறைக்காதீர்கள். பல ஊர்களில் மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி. வெள்ளம் முதலில் யார் வீட்டுக்குள் போகும் என்பதை மழை முடிவு செய்வதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது புரியாது என்கிறீர்களா? பள்ளி வேனில் ஜன்னல் சீட்டுக்கு நடக்கிற அரசியல் புரிகிறவர்களுக்கு இது புரியாதா!

போன விடுமுறையில் மகளைச் செங்கல்பட்டுப் பக்கம் என் பாட்டி ஊர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனேன். மாலுக்குப் போகலாம் என்று முகம் சுளித்தவள், மதகையும் கலங்கலையும் பார்த்த பிறகு கரை நெடுகக் கேள்வியாகக் கேட்டாள். நீங்களும் போங்கள், செருப்பில் சேறு ஒட்டட்டும். கிராம ஊராட்சியில் குடியிருந்தால் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை கூடும். பிள்ளையையும் அழைத்துப்போய் ஓரமாக உட்கார வையுங்கள். அரசியல் சட்டத்தின் 51அ பிரிவு சொல்லும் குடிமக்களின் கடமைகளில் காடு, ஆறுகளோடு ஏரியும் இருக்கிறது. அந்தப் பாடத்தை நாம் "சாய்ஸில் விட்டுடு" என்கிறோம்.

பாட்டி ஊருக்குப் போன அன்றைக்குக் கலங்கலை அடைத்துக் கிடந்த குப்பையைக் காட்டி மகள் கேட்டாள்: "மனு யாருக்குப்பா எழுதணும்?" எனக்குத் தெரியவில்லை. விசாரித்துத்தான் சொன்னேன்: பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத் துறை, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியம். இந்த ஏரியின் பாசனப் பரப்பு எவ்வளவு என்று அடுத்த கேள்வியைப் போட்டாள். கிராம நிர்வாக அலுவலர் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.