கண்ணீரும் மருந்தும்

கணவரை அடக்கம் செய்த இரண்டாம் மாதத்தில், தம் இரத்தத்தில் ஹெபடைட்டிஸ் சி கிருமி இருப்பதை அறிந்த சகோதரி ஒருவர், "இனி எனக்கு மருந்து எதற்கு?" என்று கேட்கிறார்.

அன்புச் சகோதரி, இலாசரின் கல்லறையருகே நம் ஆண்டவரே அழுதார். உங்கள் கண்ணீர் விசுவாசக் குறைவன்று. ஆயினும் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். முன்னாளில் இந்நோய்க்குப் போட்ட இன்டர்பெரான் ஊசி மனச்சோர்வையும் உண்டாக்கியதுண்டு. இன்றோ பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைகளே போதும். நூற்றுக்கு 95 பேருக்குமேல் குணமடைகின்றனர். வாழ்வே வேண்டாமெனத் தோன்றினால், அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் உடனே சொல்லுங்கள்.

பங்கு மக்களே, இந்நோய் இரத்தத்தின் வழியே பரவுவது. உடனமர்ந்து உண்பதால் பரவாது. துயருறும் இத்தகையோரின் இல்லம் செல்லுங்கள். செபமாலை சொன்னபின், அவர்களோடு ஒருவேளை உண்டுவிட்டுத் திரும்புங்கள்.