ரிதம் பேடு இல்லாத தவக்காலம் வேண்டும்



விபூதிப் புதனிலிருந்து நீங்கள் என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிய தவக்காலப் பாட்டு வீடியோக்கள் நாற்பதைத் தாண்டிவிட்டன. எல்லாமே அரை நிமிடம். எல்லாவற்றிலும் கீபோர்டு, ரிதம் பேடு, பின்னால் ஒரு சூரியன் மறைகிறது. போதாததற்கு, "டீச்சர், நீங்க இன்னுமா ரேடியோ கேட்கிறீங்க?" என்று கேலி வேறு. ஆமாம், கேட்கிறேன். ஏன் என்று கொஞ்சம் கோபமாகவே சொல்கிறேன்.

கொட்டச்சேட்டில் எங்கள் வீட்டுப் பக்கம் எஃப்.எம். ஒழுங்காக எடுக்காது. அந்த அலை நேர்கோட்டில் வருவது. நடுவில் மலை நின்றால் முடிந்தது கதை. சிற்றலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி இறங்கும். அதனால்தான் குப்பனூர் ரோட்டில் பஸ் அரிதாக இருந்த காலத்திலும், மணிலாவிலிருந்து ரேடியோ வெரித்தாஸ் தமிழ்ப்பணியும் ரோமிலிருந்து வத்திக்கான் வானொலியும், சில்வர் ஓக் மரத்தில் கட்டிய செம்புக் கம்பி வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தன. சொன்ன நேரத்துக்கு முன்னால் உட்கார வேண்டும். நிறுத்தி வைக்க முடியாது, தள்ளி ஓட்டவும் முடியாது. கரகரப்பு வந்தால் மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுக்க வேண்டும். வெரித்தாஸ் 2018 ஜூனோடு சிற்றலையை நிறுத்திவிட்டது. இப்போது இணையத்தில்தான் கேட்கிறேன், ஆனால் பழைய முறைப்படியே: ஒரே இடத்தில், முழுதாக.

புனித வெள்ளியன்று ரோமில் யோவான் எழுதிய பாடுகளைப் பாடுவார்கள். மூன்று பேர் முறைவைத்துப் பாடுவார்கள். கூட்டத்தின் வார்த்தைகள் மட்டும் பாடற்குழுவுக்கு. ஆர்கன் இல்லை, மணி இல்லை. சிலுவையில் அறையச் சொல்லிக் கத்துகிற கூட்டமாக அந்த அழகான குரல்கள் மாறும்போது, நானும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறேன் என்று உறைக்கும். அரை நிமிட வீடியோவில் இது உறைக்குமா? எனக்கு உறைக்கவில்லை.

"லத்தீன் பாட்டெல்லாம் வெள்ளைக்காரன் சரக்கு" என்று என் தங்கை மகன் எழுதியிருக்கிறான். தம்பி, 17ஆம் நூற்றாண்டில் அல்லேக்ரி சிஸ்டைன் சிற்றாலயத்துக்கு அமைத்த மிசெரேரே எது தெரியுமா? நீ திருப்பலியில் தமிழில் சொல்கிறாயே, அதே 51ஆம் திருப்பாடல்தான். ஒரு கருவியும் கிடையாது, வெறும் மனிதக் குரல்கள். 1770இல் 14 வயது மொசார்ட் அதைக் கேட்டுவிட்டு நினைவிலிருந்தே எழுதினான் என்று அவன் அப்பா வீட்டுக்குக் கடிதம் போட்டார். பையன் அந்த அளவுக்குக் காதைத் தீட்டி வைத்திருந்தான்.

லத்தீனே வேண்டாம் என்கிறாயா? சரி. கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி 18ஆம் நூற்றாண்டில் தமிழில் எழுதிய வியாகுல பிரசங்கம் இருக்கிறதே. இராகம் போட்டு வாசித்து, நடுநடுவே புலம்பல் பாடுகிற வழக்கம் அது. நம் ஒப்பாரிக்கு அக்கா தங்கை மாதிரி. அதற்கு எந்த ரிதம் பேடு வேண்டும்?

இன்னொன்று. தவக்காலத் திருப்பலியில் இசைக்கருவி பாட்டுக்குத் துணையாக மட்டுமே ஒலிக்கலாம் என்று உரோமைத் திருப்பலி நூலின் முன்னுரை விதிகளில் 313ஆம் எண்ணில் இருக்கிறது. நான்காம் ஞாயிறு, பெருவிழாக்கள், விழாக்களுக்கு மட்டும் விலக்கு. சிலுவைப் பாதைக்கு இந்த விதி பொருந்தாது என்று வக்கீல் மாதிரி வாதாடுவீர்கள். பொருந்தாதுதான். அதற்காக ஒவ்வொரு நிலைக்கும் கல்யாண வீட்டு அடியா?

"கீபோர்டு இல்லாவிட்டால் இளசுகள் கோயிலுக்கே வராதுங்க டீச்சர்" என்கிறீர்கள். இதைத்தான் நான் ஏற்கவே மாட்டேன். காப்பிப் பூ மழையில் கரண்டு போகிற நாட்களைப் பார்த்திருக்கிறேன். டிராக் நின்றதும் பிள்ளைகள் வாயைப் பிளந்து நிற்கிறார்கள். பாட்டு மனப்பாடமாகத் தெரிந்த பிள்ளைகள்தான். ஒருவர் குரலை ஒருவர் கேட்டுப் பாட யாரும் சொல்லித்தரவில்லை. ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும்: பாதி வகுப்பு ஒரு சுரத்தில் நிற்க, மறுபாதியை மேலே பாட வைப்பேன். அடித்ததும் உண்டு, அது வேறு விஷயம்.

ஆகவே வீடியோ அனுப்புவதை நிறுத்துங்கள். ஞாயிறு மாலை 4 மணிக்கு நம் வீட்டுத் திண்ணையில் பாடற் பயிற்சி வைத்திருக்கிறேன். பெண் குரல் ஏழு சேர்ந்துவிட்டது. ஆண் குரலுக்கு ஆளே இல்லை. சேலத்தில் இருப்பவர்கள் குப்பனூர் வழியாகவே வந்துவிடலாம். போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.