ஐந்து நிமிட ஓட்டத்தின் விலை

வானொலி அலையால் இயக்கப்படும் சிறு கார்களின் பந்தயத்தைப் பற்றி ஒரு பங்குக் குரு எழுதப் புகுவது பொருந்துமா என வாசக அன்பர்கள் வினவக்கூடும். பொருந்தும் என்றே நாம் கருதுகிறோம். நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இங்கிலாந்தில் பணிபுரிகிறார். சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு ஊர் வந்திருந்தபோது, ஆறாண்டுகளாகத் தாம் ஈடுபட்டிருந்த அப்பந்தயத்தை விட்டுவிடப் போவதாக நம்மிடம் கூறினார். கை தளர்ந்ததால் அன்று, பை தளர்ந்ததால். "வாரத்தில் ஒரு மாலை விளையாடுவதற்கு இவ்வளவு செலவா என்று மனைவி கேட்கிறாள், ஃபாதர், பதில் சொல்ல முடியவில்லை" என்றார்.

குருக்களுக்கே உரிய ஓர் எளிய மறுமொழி நம் நாவில் ஆயத்தமாய் இருந்தது. "பொம்மைக்கு எதற்கப்பா இத்தனை பணம்?" என்று கேட்டுவிட்டோம். அவர் முகம் வாடியதைக் கண்ட பின்னரே அம்மறுமொழி எத்துணைப் பொறுப்பற்றது என உணர்ந்தோம்.

விளையாட்டைப் பழிப்பது திருச்சபையின் மரபு அன்று. புனித தோமா அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதி, 168ஆம் வினாவில் விளையாட்டையே ஆராய்கிறார். பழைய துறவியரிடையே வழங்கிய ஒரு கதையை அங்கே எடுத்தாள்கிறார். அருளப்பர் என்று நம் முன்னோர் அன்போடு அழைத்த திருத்தூதர் யோவான் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருந்ததைக் கண்டு சிலர் இடறலுற்றனராம். அவர்களுள் வில் வைத்திருந்த ஒருவனை அம்பு எய்யச் சொன்னார் யோவான். பலமுறை எய்தபின், "இப்படியே ஓயாமல் எய்துகொண்டிருக்க முடியுமா?" என்று கேட்டார். வில் ஒடிந்துவிடும் என்றான் அவன். மனித மனமும் அவ்வாறே என்றார் யோவான். அம்மட்டோடு நில்லாமல், தானும் விளையாடாது பிறர் களிப்புக்கும் தடையாய் நிற்பவனைக் குறையுடையவன் என்றே அக்குவினாஸ் தீர்க்கிறார். நம் உடன் குருக்கள் சிலர் இப்பகுதியைக் குருமடத்தில் படித்ததோடு மறந்துவிட்டனரோ என்று நமக்கு ஓர் ஐயம் உண்டு. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

ஆகவே குற்றம் விளையாட்டில் இல்லை. பின் எங்கே?

ஜப்பானில் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் 1976இல் போர்ஷே 934 காரின் சிறுவடிவைப் பெட்டியில் இட்டு விற்றது. வாங்கியவர் தாமே திருகாணி முறுக்கிப் பூட்டிக்கொள்ள வேண்டும். 1984இல் வந்த கிராஸ்ஹாப்பர் என்னும் எளிய வண்டி உலகெங்கும் எண்ணற்ற சிறுவருக்கு முதல் காராயிற்று. தந்தையும் மகனும் ஒரே மேசையில் குனிந்து பூட்டிய பொருள் அது. அதே 1984இல் கலிஃபோர்னியாவின் அசோசியேட்டட் குழுவினர் ஆர்சி10 என்னும் வண்டியை வெளியிட்டனர். அலுமினியத் தட்டின்மேல் அமைந்த அது பந்தயத்துக்கென்றே பிறந்தது; மறு ஆண்டே முதல் உலகப் போட்டியில் இரு சக்கர உந்து பிரிவில் வாகை சூடிற்று. அன்றிலிருந்து மேசையில் பூட்டிய வண்டி ஒருபுறமும் வெல்லும் வண்டி மறுபுறமுமாய்ப் பிரிந்தன.

அந்நாளில் ஓர் ஓட்டம் ஐந்து நிமிடம். நிக்கல் காட்மியம் மின்கலங்கள் ஆறு சேர்ந்த பேட்டரி அவ்வளவு நேரமே முழு வேகத்தில் தாங்கும். ஆதலால் கடைசி நிமிடத்தில் யாருடைய மின்கலம் சோராதிருக்கிறதோ அவர் பக்கம் வெற்றி. இதைக் கண்ட வணிகர் சும்மா இருப்பரோ? ஒரே ஆலையில் வார்த்த மின்கலங்களைக் கருவியில் பூட்டிச் சோதித்தனர். ஒத்த வலிமை உடையவற்றை ஆறு ஆறாகச் சேர்த்தனர். எத்தனை நொடி தாங்கும் என்று சீட்டு ஒட்டிப் பன்மடங்கு விலைக்கு விற்றனர். பொருள் அதே பொருள்தான். பொறுக்கி எடுத்ததற்கு விலை! பொறுக்கியபின் எஞ்சியவை எவர் கைக்குப் போயிருக்கும் என்பதை அன்பர்களே ஊகித்துக்கொள்க. மோட்டாருக்கும் இதே கதை. சில ஓட்டங்களுக்கு ஒருமுறை கம்யூட்டேட்டரைச் சிறு லேத்தில் கடைந்து, கரித் துண்டுகளை மாற்ற வேண்டும். அந்த லேத்தும் தனியே வாங்க வேண்டும்.

பின்னாளில் பிரஷ் இல்லாத மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் வந்து இச்சடங்குகளை ஒழித்தன என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்கிறோம். செலவு குறைய வேண்டியதுதானே? குறையவில்லை, இடம் மாறிற்று. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், மோட்டாரின் காலக்கணிப்பை ஓட்டத்தின்போதே முன்னுக்குத் தள்ளும் மென்பொருள், வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்குள் புகுந்தது. சில மாதங்களுக்கு ஒரு புதுக் கருவி, புது மென்பொருள். டயரோ, கம்பளத் தரைக்கு ஒன்று, செயற்கைப் புல்லுக்கு ஒன்று, மண்ணுக்கு ஒன்று. முனை மழுங்குமுன் அடுத்த இணை. ஐரோப்பிய நிறுவனம் ஒன்று வண்டியின் பெயரோடு ஆண்டையே சேர்த்து விற்கிறது. அடுத்த தை பிறந்தால் கையிலுள்ளது பழையது என்று பெயரே பறைசாற்றும். முதல்தர வண்டி ஒன்றின் விலையும் சிறிதன்று. அதில் மோட்டார் இல்லை, பேட்டரி இல்லை, டயர் இல்லை, மேற்கூடும் இல்லை, ஓட்டுவதற்கான கைக்கருவியும் இல்லை.

"பணம் உள்ளவன் செலவழிக்கிறான், யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லையே?" என்பர். கற்றோரும் சொல்லும் இவ்வாதத்தையே நாம் வன்மையாய் மறுக்கிறோம். ஒருவர் தம் வீட்டில் பட்டு உடுத்தினால் அண்டை வீட்டாரின் பருத்தி கிழிந்துவிடாது. பந்தயமோ அப்படி அன்று. அங்கே ஒருவர் வாங்கும் வேகம் மற்றவரின் தாமதம். பத்துப் பேரில் ஒருவர் புது டயர் பூட்டினால் அவர் முந்துவார். அடுத்த வாரம் பத்துப் பேரும் பூட்டினால் பழைய வரிசையே திரும்பும், பத்துப் பேரின் பணப்பையும் மெலிந்திருக்கும். ஒருவரும் எதையும் அடையவில்லை; ஆனால் வாங்காமல் நிற்பவர் மட்டும் இழப்பார். தாமாக விரும்பி வாங்கினர் என்று இதைச் சொல்ல நம் அறநெறி இயல் இடங்கொடாது. அச்சத்தால் செய்யும் செயலில் விருப்பம் எவ்வளவு, கட்டாயம் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கக் குருமடத்தில் நமக்குக் கற்பித்தார்களே!

"திறமை இருந்தால் வெல்லலாம்" என்பது இரண்டாம் வாதம். ஜப்பானியர் மசாமி ஹிரோசாக்கா 1987 முதல் பதினான்கு உலகப் பட்டங்களை வென்றார். அவர் விரல்களின் நுட்பத்தைப் பணம் வாங்கித் தந்திராது. ஆனால் அத்தகையோருக்கு நிறுவனங்களே வண்டி கொடுத்து ஓட்டச் செய்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் பேச்சு மேதைகளைப் பற்றியது அன்று. ஏறக்குறைய ஒத்த திறமையுடைய இருபது சாதாரண மனிதரைப் பற்றியது. அவர்களுக்கிடையே பணமே தராசின் முள்ளைச் சாய்க்கிறது.

மருந்து இல்லாமல் இல்லை. விதிமுறைப்படி போட்டியிடாதவனுக்கு வாகை இல்லை என்று பவுல் திமொத்தேயுவுக்கு எழுதினார். மென்பொருள் வெறிக்கு விடையாக, காலக்கணிப்பைத் தள்ளாத நிலையில் கருவியின் சிறு விளக்கு கண் சிமிட்ட வேண்டும் என்று சங்கங்கள் விதித்தன; எவரும் எட்டிப் பார்த்து அறிந்துகொள்ளலாம். எல்லாருக்கும் ஒரே மலிவு மோட்டார் என்று சில இடங்களில் விதித்தனர். அதையும் பணம் வளைத்தது: ஒருவர் பத்து மோட்டார் வாங்கி, சோதித்து, விரைவானதை மட்டும் வைத்துக்கொள்வார். அதற்கும் விடை கண்டனர். மோட்டார்கள் சங்கத்தின் பெட்டியிலேயே இருக்கும். பந்தய நாளில் கைக்கு வந்ததைப் பூட்டி ஓட்டி, முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். யூதாசின் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத் தேர்ந்த திருச்சபைக்கு இம்முறை அந்நியமாய்த் தோன்றலாகாது. இத்தகைய விதிகளைச் சுதந்திரத்தின் பகை என்போர் உண்டு. நாமோ அவற்றைப் பிறரன்பின் சட்ட வடிவம் என்போம். முந்தக்கூடியவர் தம் பணத்தால் முந்தாதிருக்கத் தாமே உடன்படுகிறார். கடைசியில் வரும் சிறுவனுக்கு அடுத்த வாரமும் வர மனம் இருக்கும்.

கல் எறியும் கை நம்முடையதாய் இருப்பதால் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. அண்டைப் பங்கின் சப்பரத்தைவிட நம் சப்பரத்தில் விளக்கு மிகுதியாய் எரிய வேண்டும் என்று வரியை ஏற்றிய பங்குப் பேரவைக் கூட்டத்தில் நாமும் தலைமை வகித்திருக்கிறோம். புதுநன்மைக்கு வரும் குழந்தைகளின் வெள்ளாடைக்குக் கடன் வாங்கிய தாய்மாரையும் அறிவோம். ஒரே நிறத்தில் பருத்தி உடை என்று நாம் விதித்த ஆண்டில் நமக்கு வந்த வசைக் கடிதங்கள் இன்றும் மேசை அறையில் உள்ளன. ஏழைத் தாய் ஒருத்தியும் எழுதவில்லை.

அந்த இளைஞரின் சங்கத்தில் முன்பு மாலைதோறும் முப்பது பேர் கூடினராம், இப்போது பதினொருவர். அனைவருக்கும் ஒரே வகை டயர், பருவத்துக்கு இரண்டே இணை என்று சென்ற ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வந்து, இரண்டு வாக்கில் தோற்றது. எதிர்த்தோர் பெரும்பாலும் முன்வரிசை ஓட்டுநர். ஆதரித்திருக்கக்கூடிய பலர் அதற்குள் விலகிப் போயிருந்தனர். இவ்வாண்டும் அத்தீர்மானம் வரவிருக்கிறது. வண்டியை விற்றுவிட்டாலும் உறுப்பினர் சந்தாவை மட்டும் கட்டிவிடும்படி அவரிடம் சொல்லி அனுப்பினோம். கட்டிவிட்டதாகத் தவக்காலத் தொடக்கத்தில் கடிதம் வந்தது. வண்டியை இன்னும் விற்கவில்லை என்றும் எழுதியிருந்தார்.