இல்லத் தோட்டம்: கற்றாழைக்கு ஏன் இத்தனை தண்ணீர்?

விடுமுறைக்கு ஊர் சென்று தில்லி திரும்பும் நம் குடும்பத்தாரின் பைகளில், அப்பளம், வடாம், காப்பிப்பொடி ஆகியவற்றோடு ஒரு பிரண்டைத் துண்டோ கற்றாழைக் கன்றோ இருப்பது வழக்கம். அதை மாடி முகப்பில் தொட்டியில் நட்டு, நாள்தோறும் துளசிக்கு நீர் வார்க்கும்போதே இதற்கும் வார்க்கிறோம். இரண்டொரு மாதத்தில் அது அழுகிவிடுகிறது. “தில்லித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை” என்கிறோம். பழி தண்ணீருடையதுதான், ஆனால் அதன் தன்மையில் அன்று, அளவில். நாமும் இவ்வாறு இரண்டு தொட்டிகளை இழந்த பின்னரே இப்பாடத்தைக் கற்றோம்.

கற்றாழை, பிரண்டை, கள்ளி முதலியவை இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்து வைக்கும் சதைப்பற்றுச் செடிகள். பிற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. இவையோ பெரும்பாலும் இரவின் குளிர்ச்சியில் திறந்து, பகலில் மூடிக்கொள்கின்றன. ஆதலால் இவற்றின் நீர்ச்செலவு மிகக் குறைவு. நாம் ஊற்றும் நீர் மண்ணிலேயே தங்கி, அங்குள்ள காற்றை வெளியேற்றுகிறது. வேர் மூச்சுமுட்டி அழுகுகிறது.

பலரும் ஏமாறுவது இங்கேதான். வேர் அழுகிய செடியால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே அதன் இலையும் சுருங்கும். அதைத் தாகமென்று எண்ணி மேலும் ஒரு குவளை ஊற்றுகிறோம்! இலையைப் பார்க்குமுன் மண்ணைப் பாருங்கள். இரண்டு அங்குல ஆழம் விரலைச் செலுத்துங்கள். மண் உலர்ந்து இலை சுருங்கினால் தாகம். மண் ஈரமாயிருக்க, அடியிலை மஞ்சளாகிக் கொழகொழத்தால் அழுகல். அப்போது செடியைப் பெயர்த்து, கறுத்த வேர்களை நறுக்கி, சில நாள் நிழலில் உலர்த்திப் புதுமண்ணில் நட வேண்டும். ஒரு வாரம் நீர் வேண்டா. பிரண்டையாயின், கெடாத இரு கணுக்கள் போதும். வெட்டுவாய் உலர்ந்தபின் நட்டால் துளிர்க்கும்.

தோட்டமண் ஒரு பங்கு, தோட்டக்காரர்கள் ‘பதர்ப்பூர்’ என்னும் பருமணல் ஒரு பங்கு, மக்கிய இலையுரம் அரைப் பங்கு கலந்துகொள்ளலாம். அடியில் துளையுள்ள சுட்ட மண்தொட்டியே சிறந்தது. கீழ்த்தட்டில் நீர் தேங்கலாகாது.

தில்லியின் பருவங்களையும் கருத வேண்டும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் மே, ஜூன் மாதங்களில் பிற்பகல் வெயிலிலிருந்து தொட்டியை விலக்கி, ஏறத்தாழ வாரம் ஒருமுறை, மண் உலர்ந்தது கண்டு, துளை வழியே வடியுமாறு ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் கூரையின்கீழ் வைக்க வேண்டும். ஜனவரி இரவுகளில் குளிர் 5 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. அந்நாட்களில் தொட்டியைச் சன்னலோரம் உள்ளே கொணர்ந்து, மாதம் ஒருமுறை சிறிதளவு நீர் விட்டால் போதும். பிரண்டை இலை உதிர்த்து வெறுந்தண்டாய் நின்றாலும் பிடுங்கி எறிய வேண்டா. வெயில் ஏறியதும் தழைக்கும்.

ஊரிலிருந்த வீட்டை விற்றுவிட்ட குடும்பங்கள் நம்மிடையே பல. அக்கொல்லையில் எஞ்சியது இந்த ஒரு தொட்டியாகவே இருக்கலாம். ஆகவே கற்றாழை பக்கக் கன்று ஈன்றதும், ஒன்றைப் பிரித்து அண்டை வீட்டாருக்குக் கொடுங்கள். என்றேனும் உங்கள் செடி பட்டுப்போனாலும், ஊர்க் கற்றாழை அவர்கள் வீட்டிலிருந்து உங்களிடம் திரும்பி வரும்.