கழுவெளிச் சேறும் சான்று கூறும்!

மரக்காணத்து உப்பளத்தில் உழைப்பவர் மேலே வெண்மையையும் கீழே கருமையையும் நாளும் காண்கின்றனர். வெண்மை உப்பாகி விலை போகின்றது. கருமையோ வெறுஞ்சேறென்று இகழப்படுகின்றது. தோண்டிய சேற்றைக் கரையில் கொட்டுவோர் அதனுள் இருப்பது யாதென்று கேட்பதில்லை.

இருப்பது யாது? கடல்நீரில் கரைந்துள்ள கந்தகத்தைக் காற்றுப் புகாச் சேற்றின் நுண்ணுயிரிகள் மாற்ற, அஃது இரும்போடு கூடிக் கந்தகக் கனிமமாகப் படிகின்றது. உவர்ச்சதுப்புகளில் பொதுவாக நிகழ்வது இது. நீரடியில் கிடக்குமட்டும் தீங்கில்லை. காற்றில் பரப்பினாலோ, உயிர்வளி பட்டுச் சிதைந்து கந்தகக் காடியைக் கசியும். உடனுள்ள மாழைகளையும் கரைத்திழுக்கும். சேற்றில் சுண்ணம் போதிய அளவு இருப்பின் காடி அடங்கும், இன்றேல் அடங்காது. கேரளத்துக் குட்டநாட்டின் கரிநில உழவர் இக்காடியோடு பொருதே நெல் விளைக்கின்றனர். அளந்து பாராமல், இங்கு அந்நிலை வாராதென்று சொல்ல எவருக்கு உரிமையுண்டு?

‘மாழை எங்கும் உள்ளதே, இயற்கையாய் வந்ததே’ என்று கைகழுவுவாரும் உளர். அவர்க்கு விடை அணுவிலேயே உள்ளது. ஒரே தனிமத்தின் அணுக்களுள்ளும் எடை வேறுபாடு உண்டு. அவற்றை ஓரிடத்தான்கள் என்பர். இயற்கைச் செம்பில் நூற்றுக்கு 69 பங்கு 63 எடையுடையது. 31 பங்கு 65 எடையுடையது. செம்புக் கந்தகக் கனிமம் உயிர்வளியால் சிதையும்போது, கரைந்தோடும் நீரில் கனத்த 65 சற்றே மிகும். எஞ்சிய கனிமத்தில் 63 மிகும். வேறுபாடு ஆயிரத்தில் ஓரிரு பங்கே. ஆயினும் இற்றைக் கருவிகள் அதனைப் பிழையின்றி அளக்கும். துத்தநாகமோ அச்சிதைவில் பெரிதும் மாறாது. ஏறத்தாழத் தன் பிறப்புக் குறியோடே நீரில் இறங்கும். ஆகவே, செம்பு சிதைவின் கதையைச் சொல்லும். துத்தநாகம் பிறந்த இடத்தைக் காட்ட உதவும்.

பழைய தென்னார்க்காட்டு மாமண்டூரில் செம்பு, ஈயம், துத்தநாகக் கந்தகக் கனிமங்கள் உள்ளமையை நிலவியலார் கண்டுள்ளனர். அத்தகு பாறைகளின் குறியையும், ஆலைக் கழிவுகளின் குறியையும், சேற்றின் குறியையும் ஒப்பிட்டால், இயற்கை எது, மாந்தர் கொட்டியது எது என்பதைப் பிரித்தறிய வழி பிறக்கும். ஒப்பிடாமல் இயற்கைமேல் பழி போடுவது ஆய்வாகாது, ஏய்ப்பே ஆகும்.

பழவேற்காட்டிற்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரியெனப்படும் கழுவெளி, மரக்காணத்தருகே கடலைச் சேர்கின்றது. 2021-ஆம் ஆண்டு அது பறவைகளின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. பறவை இறங்கும் சேற்றை ஆராயாமல் பறவையைக் காப்பதெங்ஙனம்? இறாலும் மீனும் வளரும் நீரை அறியாமல் வலைஞர் வாழ்வைக் காப்பதெங்ஙனம்?

வேண்டுவன மூன்றே. கழுவெளியிலும் உப்பளத்திலும் பெருந்தோண்டல் எதுவாயினும், முன்னதாகச் சேற்றின் கந்தகத்தையும் சுண்ணத்தையும் அளக்க வேண்டும். மாழைகளின் ஓரிடத்தான் குறிகளை உள்ளூர்ப் பாறையோடு ஒப்பிட்டுப் பதிய வேண்டும். கண்ட முடிவை உப்பளத்தாரும் வலைஞரும் படித்தறியும் தமிழில் ஊர்மன்றத்தில் வைக்க வேண்டும்.

சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பர் ஆய்வாளர் பலர். அத்துணைத் தொன்மையான கரையின் சேற்றைத் தோண்டி எறிவது ஒருநாள் வேலை. அதிலிருந்து கிளம்பும் காடியை அடக்குவதோ தலைமுறை வேலை. சான்று காலடியில் கிடக்கின்றது. அதனை அழிக்குமுன் கேட்டறிக!